இரவல் உடம்பில் வரும் நியாயம்

பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் பெண்ணை எதிரே உட்கார வைத்து உடுக்கை அடிக்கும் கோடாங்கி, எடுத்தவுடன் விரட்டுவதில்லை. முதலில் கேட்கிறார். நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய்? பெயரும் ஊரும் சாவும் தெரிந்த பிறகுதான் வேப்பிலையும் திருநீறும். பேய்க்கும் ஒரு வரலாறு உண்டு, அதைக் கேட்காமல் அதை அனுப்பிவைக்க முடியாது என்ற எண்ணம் அந்தச் சடங்குக்குள் இருக்கிறது. தமிழில் சிறிய முதலீட்டில் வரும் பேய்ப்படங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. இடைவேளைக்குப் பிறகு வரும் முன்கதை என்பது கோடாங்கியின் மூன்று கேள்விகளுக்குப் பேய் சொல்லும் பதில்தான்.

அந்தப் பதிலைச் சொல்ல வருகிறவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் ஒன்று புலப்படும். குடிசைப் பகுதியின் தலைவர், நிலம் பறிக்கப்பட்ட திருநங்கை, அவருக்கு அடைக்கலம் தந்த இஸ்லாமியப் பெரியவர், மனவளர்ச்சி குன்றிய அவர் மகன், காலில் குறையுள்ள பெண், மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்ட தாய், கணவனின் சந்தேகத்துக்குப் பலியான மனைவி, கறுப்பாகப் பிறந்ததால் ஒதுக்கப்பட்ட மகள். நட்சத்திரப் படங்களில் இவர்களில் பலருக்கு ஒரு காட்சிகூடக் கிடைக்காது. கிடைத்தாலும் அது நகைச்சுவைக் காட்சியாக இருக்கும். பேய்ப்படத்தில் மட்டும் கதையின் நடுவே வந்து உட்கார்ந்து, தங்களுக்கு நடந்ததைச் சொல்லி, நியாயமும் பெறுகிறார்கள். ஆனால் இவர்கள் எல்லோரும் செத்தவர்கள். உயிரோடு இருந்தவரை கதையில் இவர்களுக்கு இடமில்லை. என்னை உறுத்துவது இதுதான்.

சிறிய படங்களில் இவர்களுக்குக் கதவு திறந்ததற்கு முதலில் பொருளாதாரக் காரணம் உண்டு. ஒரு வீடு, நாலைந்து நடிகர்கள், இரவு நேரம், நல்ல ஒலிப்பதிவு. இவை இருந்தால் பேய்ப்படம் எடுத்துவிடலாம். தொலைக்காட்சியின் குறும்படப் போட்டியிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜ் 2012 அக்டோபரில் ‘பீட்சா’வைத் தந்தார். அப்போது அவரும் புதியவர், விஜய் சேதுபதியும் பெரிய நட்சத்திரம் அல்ல. அந்தப் படத்தின் வெற்றிக்குப் பின் நாலைந்து ஆண்டுகள் தமிழில் பேய்கள் வந்துகொண்டே இருந்தன. ‘யாமிருக்க பயமே’, ‘அரண்மனை’, ‘பிசாசு’, ‘டார்லிங்’, ‘டிமான்ட்டி காலனி’, ‘மாயா’ எல்லாம் 2014, 2015 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வந்தவை. நட்சத்திரத்தை நம்பி இராத படத்துக்குக் கதாநாயக பிம்பத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியில்தான் மற்றவர்கள் உள்ளே வர முடிந்தது.

அதே பொருளாதாரம் இன்னொரு வேலையும் செய்தது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு 2006இல் அரசு கேளிக்கை வரிவிலக்கு அளித்தது. 2011இல் அதனுடன் ‘யு’ சான்றிதழும் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே தொலைக்காட்சிக்கு விற்கவும் வழியில்லை. சிறிய தயாரிப்பாளருக்கு அப்போது வரிவிலக்கும் தொலைக்காட்சி உரிமையும்தான் மூச்சுக்காற்றாக இருந்தன. ஆகவே பயமுறுத்தலைக் குறைத்துச் சிரிப்பைக் கூட்டினார்கள். குழந்தைகளோடு பார்க்கும் பேய்ப்படம் என்ற வகை வலுப்பெற்றது. அந்தச் சிரிப்புக்கான செலவை யார் தலையில் கட்டினார்கள் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இருட்டில் திடீரென்று எதிர்ப்படும் கறுத்த பெண்ணைப் பேய் என்று நினைத்து அலறுவது, குண்டான உடம்பைக் கேலி செய்வது, ஆண் பெண்போல நடந்தால் விழுந்து விழுந்து சிரிப்பது. இடைவேளைக்குப் பிறகு கண்ணீர் கேட்கும் படம், அதற்கு முன்பு ஒரு மணி நேரம் அதே மாதிரி உடம்புகளைக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கும்.

இந்த முரண் மிகக் கூர்மையாகத் தெரிவது ‘காஞ்சனா’வில். 2011 ஜூலையில் வந்த இந்தப் படத்தைத் தள்ளிவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. ராகவா லாரன்ஸ் இயக்கி நடித்த ‘முனி’ (2007) வரிசையின் இரண்டாம் படம். பேய்க்குப் பயந்து அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்ளும் நாயகன் உடம்பில் மூன்று ஆவிகள் புகுகின்றன. அவற்றில் முதன்மையானவர் காஞ்சனா என்ற திருநங்கை. பெற்றவர்கள் துரத்த, இஸ்லாமியர் ஒருவர் ஆதரிக்க, வளர்ந்து, தன்னைப் போலவே துரத்தப்பட்ட இன்னொரு குழந்தையை எடுத்து மருத்துவம் படிக்க வைக்கிறார். மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தை அரசியல்வாதி அபகரிக்கிறான். காஞ்சனாவோடு அடைக்கலம் தந்த பெரியவரும் அவர் மகனும் கொல்லப்படுகிறார்கள். காஞ்சனாவாக நடித்தவர் சரத்குமார். நாட்டாமையாகவும் காவல்துறை அதிகாரியாகவும் பார்த்துப் பழகிய உடம்பு சேலை கட்டி, தலை நிமிர்ந்து நடந்து வந்தபோது அரங்கில் சிரிப்பு நின்றுபோனதை நான் நேரில் பார்த்தேன். ஒரு நட்சத்திரம் தன் ஆண்மை பிம்பத்தை அப்படி இறக்கி வைத்தது அன்றைக்குச் சிறிய செயல் அல்ல.

தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது 2008இல். மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2014 ஏப்ரலில். இரண்டுக்கும் நடுவே, சட்டம் முழுதாகப் பேசத் தொடங்காத காலத்தில், பட்டிதொட்டியெங்கும் ஓடிய படம் காஞ்சனா. திருநங்கை என்றால் கடைவீதியில் கைதட்டி வருபவர் என்று மட்டும் எண்ணியிருந்த வீடுகளுக்குள், பிள்ளை வளர்த்த தாயாக, நிலம் வாங்கிய மனுஷியாக ஒருவரைக் கொண்டுபோனது. இந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் முதல் பாதியை நினைத்துப் பாருங்கள். ஆவி புகுந்த நாயகன் வளையல் போடுகிறான், சேலையை ஆசையாகத் தடவுகிறான், நடையில் நளினம் வருகிறது. வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள், அரங்கம் சிரிக்கிறது. ஒரு பிள்ளை தன்னைப் பெண்ணாக உணரும் தருணம் எத்தனையோ வீடுகளில் அடியும் சூடும் வாங்கித் தந்த தருணம். அதுவே இங்கே வேடிக்கை. சிறுவயதில் காஞ்சனாவை வீட்டைவிட்டுத் துரத்தியது எந்தப் பதற்றமோ, அதே பதற்றத்தைத்தான் படம் நகைச்சுவையாக விற்றது. பிற்பாதியில் அழுத அதே ரசிகர் முற்பாதியில் சிரித்ததற்காக வெட்கப்பட வாய்ப்புத் தரும் ஒரு காட்சிகூடப் படத்தில் இல்லை. தந்திருந்தால் அது மகத்தான படமாகியிருக்கும்.

உடம்பு யாருடையது என்பது அடுத்த கேள்வி. பழிவாங்குவது காஞ்சனா. அடிப்பது, ஆடுவது, கைதட்டல் வாங்குவது லாரன்ஸின் உடம்பு. முன்கதையில் வரும் காஞ்சனா சரத்குமாரின் உடம்பு. திருநங்கையின் கதையில் நடுவில் நிற்கும் இரண்டு உடம்புகளும் ஆண் நட்சத்திரங்களுடையவை. அதே 2011இல், இரண்டு மாதம் முன்னால், விஜயபத்மா இயக்கிய ‘நர்த்தகி’ வெளிவந்தது. அதில் திருநங்கையாக நடித்தவர் கல்கி சுப்ரமணியம், அவரே ஒரு திருநங்கை. அந்தப் படத்தில் அவர் பேய் அல்ல. உயிரோடு வாழும் ஒரு பெண். அந்தப் படத்தின் பெயரை இன்று எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? காஞ்சனாவோ கன்னடத்தில் ‘கல்பனா’ ஆனது, இலங்கையில் சிங்களத்தில் மறுபடி எடுக்கப்பட்டது, 2020இல் அக்‌ஷய் குமார் நடிக்க இந்தியில் ‘லக்‌ஷ்மி’ என்று வந்தது. அந்த இந்திப் படத்திலும் திருநங்கையாக நடித்தவர் ஓர் ஆண் நடிகர்தான். ஒன்பது ஆண்டுகளில் சமூகம் நகர்ந்த தூரத்தைப் படம் நகரவில்லை.

இந்த வரிசையில் முதலில் வந்த ‘முனி’யைப் பலரும் மறந்துவிட்டார்கள். ராஜ்கிரண் நடித்த முனியாண்டி, குடிசைப் பகுதி மக்களின் தலைவர். நம்பிய அரசியல்வாதியே அவரைக் கொல்கிறான். முனியாண்டி என்பது ஊர் எல்லையில் நிற்கும் காவல் தெய்வத்தின் பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களுக்குக் காவல் தெய்வ மரபு தெரிந்திருக்கிறது. ஆனால் முனியாண்டி எந்தச் சாதி, அந்தக் குடிசைகளில் இருந்தவர்கள் யார் என்பதைப் படம் சொல்லவில்லை. ‘ஏழை’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. தமிழ்ப் பேய்ப்படங்களில் மதம் தெரியும், பாலினம் தெரியும், உடற்குறை தெரியும். சாதி மட்டும் இருட்டிலேயே இருக்கும்.

பெண் பேய்களுக்கு வருவோம். தமிழ்த் திரையில் இவர்களுக்கு நெடிய வரலாறு உண்டு. வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், காற்றில் ஒரு பாட்டு. 2009இல் அறிவழகனின் ‘ஈரம்’ அந்தச் சேலையை உரித்துப் போட்டது. அதில் பேய் வருவது தண்ணீராக. செத்துப் பேயாகும் ரம்யாவைக் கொன்றவன் கணவன் என்றாலும், அவளைப் பற்றி வம்பு பேசிய அடுக்கக வாசிகளும் அந்தக் கொலையில் பங்காளிகள் என்று படம் சொன்னது. ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி மாடிப்படியில் நின்று பேசும் பேச்சுக்கு உயிரைப் பறிக்கும் வலிமை உண்டு என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன குடும்பப் படம் ஒன்றை என்னால் நினைவுகூர முடியவில்லை.

2015இல் வந்த அஸ்வின் சரவணனின் ‘மாயா’ இன்னும் ஒரு படி. செத்தவளும் தாய், உயிரோடு இருப்பவளும் தாய். கைக்குழந்தையோடு தனியே வாழ்ந்து, வாய்ப்புத் தேடி அலையும் நடிகையாக நயன்தாரா. மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டுப் பிள்ளையைப் பறிகொடுத்த மாயா மேத்யூஸின் ஆவி இன்னொரு புறம். இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது, உயிரோடு இருப்பவளின் பணக்கஷ்டமும் பயத்தின் ஒரு பகுதியாக இருப்பது. பணம் வேண்டும் என்பதால்தான் அவள் அந்தப் பேய்ப்படத்தைத் தனியே உட்கார்ந்து பார்க்கச் சம்மதிக்கிறாள்.

அதே நயன்தாரா நடித்த ‘ஐரா’ (2019) வேறு மாதிரி வருத்தம் தந்தது. பவானி கறுப்பாகப் பிறந்தவள், ராசியில்லாதவள் என்று பிறந்த வீட்டிலேயே ஒதுக்கப்பட்டவள். நிறத்தால் ஒருத்தி படும் பாட்டைப் பேச வந்த கதை. ஆனால் வளர்ந்த பவானிக்காக நயன்தாராவின் முகத்துக்குக் கறுப்புப் பூசினார்கள். இளவயதுப் பவானியாக நடித்தவர் கேப்ரியல்லா செல்லஸ், இயல்பிலேயே கறுத்த நிறமுடையவர். சில காட்சிகளிலேயே அந்த வலியைக் கொண்டுவந்துவிட்டார். அவரே பின்னாளில் ‘சுந்தரி’ தொடரின் நாயகியாக வீடுவீடாகத் தெரிந்த முகமானார். கறுத்த பெண்ணை நாயகியாக ஏற்கப் பார்வையாளர்கள் தயாராக இருந்தார்கள். தயங்கியது சினிமாதான். நிறத்துக்காக ஒதுக்கப்பட்டவளின் கதையைச் சொல்லும்போதே, நிறத்துக்காக நடிகை ஒருத்தியை ஒதுக்குவது எப்படிப்பட்ட அநியாயம்!

சிறிய செலவு என்பது யாரை உள்ளே விடுகிறது என்பதற்குப் பேய்ப்பட உலகின் பழைய சாட்சி ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் அருகே சுமார் 1,14,000 டாலரில் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ 1968இல் வெளிவந்தது. நாயகன் பென் ஆக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். கதையில் பென்னின் இனம் குறிப்பிடப்படவில்லை. நடிப்புத் தேர்வுக்கு வந்தவர்களில் சிறந்தவர் என்பதால் தேர்ந்தெடுத்ததாக ரொமேரோ சொல்லிவந்தார். பெரிய நிறுவனம் எடுத்திருந்தால் அந்தத் தேர்வு நடந்திருக்குமா என்பது சந்தேகமே. இரவு முழுக்கப் பிணங்களோடு போராடிப் பிழைத்தவன், விடிந்ததும் வேட்டைக்கு வந்த வெள்ளையர் கூட்டத்தால் பிணமென்று சுடப்படுகிறான். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்த உடம்பு அங்கே நின்றதாலேயே முடிவின் பொருள் மாறிவிட்டது. 2017இல் ஜோர்டான் பீல் 45 லட்சம் டாலரில் எடுத்த ‘கெட் அவுட்’ இதைத் தற்செயலாக விடாமல் திட்டமிட்டுச் செய்தது. கறுப்பின மனிதனின் உடம்பை மற்றவர்கள் குடியிருக்க எடுத்துக்கொள்வதே அதில் கதை. நம் படங்களில் ஒடுக்கப்பட்டவரின் ஆவி இரவல் உடம்பு தேடி அலைகிறது. அங்கே ஒடுக்கப்பட்டவரின் உடம்பே திருடப்படுகிறது.

பேய்ப்படம் பார்க்கும் எவரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு நடந்த பிறகும் இவர்கள் ஏன் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை? பெரும்பாலான படங்களுக்கு இதற்குப் பதில் கிடையாது. 2020இல் ரெமி வீக்ஸ் எடுத்த ‘ஹிஸ் ஹவுஸ்’ படத்தில் பதில் இருக்கிறது. தென் சூடானிலிருந்து கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்த அகதித் தம்பதிக்கு அரசு ஒரு பாழடைந்த வீட்டைத் தருகிறது. அங்கேதான் இருக்க வேண்டும் என்பது விதி. வெளியேறினால் அடைக்கல மனு போய்விடும். சுவருக்குள் பேய், வாசலில் சட்டம். ஈழத்திலிருந்து போய் இப்படி ஓர் அறையில் முடிவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தமிழர்கள் அந்தப் படத்தை வேறு விதமாகப் பார்ப்பார்கள். பாபக் அன்வாரியின் ‘அண்டர் தி ஷேடோ’வில் (2016) தெஹ்ரானில் ஏவுகணைகள் விழும் போர்க்காலத்தில் ஒரு தாய் பேய்க்குப் பயந்து குழந்தையோடு தெருவுக்கு ஓடுகிறாள். தலையில் துணி இல்லாமல் ஓடியதற்காகப் பிடிபடுகிறாள். அவளுக்கு வீடும் பாதுகாப்பில்லை, தெருவும் பாதுகாப்பில்லை. இந்த இரண்டு படங்களிலும் அகதி என்பதையோ பெண் என்பதையோ கதையிலிருந்து எடுத்துவிட்டால் பயம் வேலை செய்யாது. பிரதிநிதித்துவம் என்று நான் மதிப்பது இதைத்தான்.

தமிழில் இதற்கு மிக அருகில் வந்தது ‘பீட்சா’ என்பது என் எண்ணம். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் மைக்கேல், பேய்க்கதை எழுத ஆசைப்படும் அனு. முதலாளியின் வைரங்கள் தற்செயலாகக் கையில் சிக்கியதும், தப்பிக்க அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் ஒரு பேய்க்கதை. அதை அனு புனைகிறாள், மைக்கேல் நடிக்கிறான், முதலாளி நம்புகிறார். நாம் ஒன்றரை மணி நேரம் பயந்தது ஒரு தொழிலாளியின் உயிர் தப்பும் உபாயத்துக்காக. அங்கே ஏழை பேயாக வரவில்லை, பேயை உண்டாக்குகிறவராக வருகிறார். அந்த வழியில் தொடர்ந்து போக யாரும் துணியவில்லை. அடுத்து வந்தவர்கள் அதன் திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எடுக்கப்படாத கதைகள் எத்தனை! கொடைக்கானல், ஊட்டி, வால்பாறை என்று மலை பங்களாக்களில் எத்தனையோ படம் எடுத்துவிட்டோம். அங்கே உலவும் பேய், பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரையோ அவர் மனைவியோ அவர் மகளோ. அந்த மலைகளில் காடழித்துத் தேயிலை நட்டுக் காய்ச்சலிலும் குளிரிலும் செத்தவர்கள் சமவெளியிலிருந்து கொண்டுபோகப்பட்ட கூலிகள். மருத்துவராக அங்கே வேலை பார்த்த பி. எச். டேனியல் 1969இல் ‘ரெட் டீ’ என்ற நாவலில் அதை எழுதினார். தமிழில் அது ‘எரியும் பனிக்காடு’. பாலாவின் ‘பரதேசி’ (2013) அதைத் தழுவியது. அத்தனை பேர் அகாலமாகச் செத்த இடத்தில் துரைசானி மட்டும்தான் ஆவியாக அலைவாளா?

கூலியின் ஆவிக்கு இடம் தராத இந்தச் சினிமா பிறந்த மண்ணில் நாட்டார் மரபு அப்படிச் செய்ததில்லை. கணவனால் கொல்லப்பட்டு, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி ஏந்தி வந்து வழக்காடிய பழையனூர் நீலி, சாதி கடந்து மணந்து மாண்ட முத்துப்பட்டன், கழுவேற்றப்பட்ட காத்தவராயன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன். கொலையுண்டவர்கள் தெய்வமானார்கள். தென்மாவட்டத்துக் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டுக்காரர் இந்தக் கதைகளைச் சொல்லும்போது யார் எந்தச் சாதி, யார் யாரை எதற்காகக் கொன்றார் என்பதை மறைப்பதில்லை. முப்பந்தல் இசக்கியம்மன் முன்னால் கும்பிட்டு நிற்கிறவர்களுக்கு இசக்கி அநியாயமாகக் கொல்லப்பட்டவள் என்று தெரியும். அவள் பழிவாங்கிவிட்டுக் காற்றில் கரைந்து போகவில்லை. ஆண்டுதோறும் ஊர் கூடித் தன் கதையைக் கேட்க வைக்கிறாள். சினிமாப் பேய்க்குக் கிடைப்பது இருபது நிமிட முன்கதையும் ஒரு சண்டையும். பிறகு நாயகனும் நாயகியும் பாட்டுப் பாடப் போய்விடுகிறார்கள்.

அந்த மரபு திரைக்கு வந்தபோது பேய்ப்படத்தின் வழியாக வரவில்லை. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) தொடக்கத்திலேயே ஒரு சிறுமி நடுச்சாலையில் வலிப்பு வந்து துடிக்கிறாள். பேருந்து எதுவும் நிற்கவில்லை. செத்தவள் காட்டுப்பேச்சியாகிறாள். தெய்வ முகமூடியோடு படம் நெடுக வந்து நின்று பார்க்கிறாள். யாரையும் பயமுறுத்துவதில்லை. பேருந்து நிற்காத ஊர் எது, அது ஏன் நிற்பதில்லை என்பதில் படம் எதையும் மறைக்கவில்லை. மலையாளத்தில் ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ (2024) ஒரு பேய்வீட்டுக் கதைதான். மம்மூட்டி நடித்ததால் சிறிய படம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மனை, மூன்று மனிதர்கள், கறுப்புவெள்ளை என்ற அதன் கட்டுமானம் சிறிய படத்துக்கு உரியது. பாணர் குலத்துப் பாடகனான தேவன், மனைக்குரிய போற்றியின் வீட்டுக்குள் வருகிறான். அவன் சாதியை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கதை நகர்கிறது. அவனால் வெளியேற முடியாததற்குப் பேய் பாதிக் காரணம், மனைக்குரியவனிடம் அவன் குனிந்து நிற்க வேண்டியிருப்பது மீதிக் காரணம்.

தமிழில் இன்று ஒரு புது இயக்குநர் கையில் சிறிய தொகையும் ஒரு பழைய வீடும் இருந்தால் என்ன செய்யலாம் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. சென்னையில் திருநங்கை ஒருவர் வாடகைக்கு வீடு தேடிப் போவதைப் பார்த்தவர்களுக்குக் கதை அங்கேயே இருக்கிறது. நாற்பது வாசல் ஏறி இறங்கியிருப்பார். பலகை தொங்கும் வீட்டில்கூட ‘ஆள் வந்துட்டாங்கம்மா’ என்று கதவைச் சாத்துவார்கள். கடைசியில் யாரும் குடிவர மறுக்கும் வீட்டை, முழு அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டு ஒருவர் தருகிறார். முதல் நாள் இரவே சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கிறது. வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். இவருக்கு ஓட வேறு வீடு கிடையாது. விளக்கைப் போட்டுக்கொண்டு, பாயில் எழுந்து உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் பார்த்து அவர் கேட்கிறார்: நீ யாரும்மா, எந்த ஊரு, உன்னை யாரு என்ன பண்ணாங்க?